புல்லட்டைக் கொடுத்துவிட்டேன்: எல்லாரும் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

1997-ல் புதிதாக வாங்கிய புல்லட் 350 என்னிடம் 27 வருஷம் இருந்தது. 2024 ஆவணியில் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து டீக்கடையில், கல்யாண வீட்டில், போனில், பழைய ஊர்க்காரர்களிடம் என்று அதே கேள்விகள்தான். சிலர் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள், சிலர் தங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய வண்டி நிற்பதால் கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இத்தனை வருஷம் வைத்திருந்துவிட்டு ஏன் கொடுத்தீர்கள்?

வலது முழங்கால். அது மட்டும்தான் காரணம். பணத் தேவை இல்லை, வண்டியில் கோளாறும் இல்லை.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதைக் கிளப்புவதே ஒரு வேலை. சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். இடது பக்கம் சாய்ந்த முள் நடுவுக்கு வந்து நிற்கும் இடத்தில் பிஸ்டன் மேலே இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இடது கையில் இருக்கும் டீகம்ப்ரஷன் லீவரை (எஞ்சினுக்குள் அடைபட்ட அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, அப்புறம் ஒரே மிதி, பாதியில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும். சரியாகச் செய்தால் ஒரே மிதியில் எடுக்கும். தப்பாகச் செய்தால் கிக்கர் திரும்பி அடிக்கும். 27 வருஷத்தில் அது என்னை நாலு முறை அடித்திருக்கிறது. நாலு முறையும் அவசரப்பட்டது நான்தான்.

கொடுத்த அதே வருஷம் மாசியில் ஒரு நாள் காலையில் மிதித்தபோது முழங்காலுக்குள் ஏதோ நகர்ந்தது போல இருந்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, சவ்வு தேய்ந்துவிட்டது, மிதிக்கிற வேலையே கூடாது என்றார். நான் ஒரு மாதம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லி ஓட்டிக்கொண்டு போனேன். போன இடத்தில் யார் மிதிப்பது? மதுரைப் பக்கம் செக்கானூரணியில் ஒரு மருந்துக்கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

செல்ஃப் ஸ்டார்ட் மாட்டிக்கொண்டிருக்கலாமே?

யோசித்தேன். ஆனால் கிக்கர் பாதிப் பிரச்சினைதான். வண்டி 160 கிலோவுக்கு மேல், சிக்னலில் நின்றால் கால்தான் தாங்க வேண்டும், சென்டர் ஸ்டாண்டு போட்டால் முழங்கால்தான் அமுங்க வேண்டும். அந்தப் பழைய எஞ்சினை வெட்டி ஒட்டி மோட்டார் வைப்பதற்கும் எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வண்டி மேல் அப்படி என்ன பாசம்?

இதைச் சொல்ல என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் உசிலம்பட்டிப் பக்கம், அப்புறம் டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம். கிராமத்தில் எங்களைச் சினை ஊசி போடுகிறவர் என்பார்கள். பசு பருவத்துக்கு வந்து கத்துவதைக் காலையில் பார்த்தால் அன்று சாயந்திரம் ஊசி போட வேண்டும், சாயந்திரம் பார்த்தால் மறுநாள் காலை. அதைத் தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த மூன்று வாரம் சாதாரணம் இல்லை, கன்று தள்ளிப்போனால் பாலும் தள்ளிப்போகும். அதனால் என் வண்டி கிளம்பியே ஆக வேண்டும்.

உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும். அந்தச் சின்ன கேனைப் பின்சீட்டில் சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டிக்கொண்டு போவேன். சாய்ந்தால் நைட்ரஜன் போய்விடும். மெதுவாகவும் போக வேண்டும், நேரத்துக்கும் போக வேண்டும், இரண்டும் சேர்ந்து வருகிற வண்டி அது. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் காடு, ஐப்பசி மழையில் வண்டிப்பாதையில் இறங்கினால் மண் டயரோடு சேர்ந்து வந்து மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. கருவேலங் குச்சியை ஒடித்து நோண்டி எடுத்துவிட்டு மறுபடி நூறு அடி போக வேண்டும், மறுபடி நோண்ட வேண்டும். அப்படி ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அந்த அம்மா லாந்தரோடு ஊர் முனையிலேயே நின்றார். "வண்டிச் சத்தம் ஓடைக்கு அந்தாண்டையே கேட்டுச்சு சார், அதான் வெந்நி வச்சிட்டேன்" என்றார். குச்சியை உருக்க 37 டிகிரி தண்ணீர் வேண்டும், முன்பு இரண்டு முறை நான் கேட்டு வாங்கியதைப் பார்த்து ஞாபகம் வைத்திருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருவர் அடுப்பை மூட்டினார் என்றால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வீட்டிலேயே நிறுத்தி வைத்திருக்கலாமே, சோறா கேட்கிறது?

கேட்கும். ஓடாமல் நிற்கிற வண்டி மெல்ல மெல்லச் சாகும், நான் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் வண்டியை மாட்டுக் கொட்டகை ஓரமாகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். ஐந்து வருஷம் கழித்துத் திறந்தால் எலி வயரைக் கடித்திருந்தது, கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது, டேங்குக்குள் துரு செதில் செதிலாக உதிர்ந்தது, காற்றில்லாமல் நின்ற டயர் தரையோடு ஒட்டிய இடத்தில் வெடித்திருந்தது. மாட்டுக் கோமியத்தின் ஆவி வேறு குரோமியத்தைத் தின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். வித்திருந்தால்கூட இப்படி வருத்தப்பட்டிருக்க மாட்டேன் என்றார்.

இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் ஆகாது. ஓடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை, நிறுத்தி வைத்தால் சேதம் சீக்கிரம் வரும். நீங்கள் கட்டாயம் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றால், பெட்ரோலைப் பூட்டிவிட்டுக் கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை வடித்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது யாரையாவது வைத்து ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பது போதாது, எஞ்சின் சரியாகச் சூடாகாமல் உள்ளே ஈரம்தான் சேரும்.

பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாமே?

மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். கேட்டேன். "அப்பா, நான் வாங்கி வாசல்ல நிறுத்திருவேன், உங்களுக்கு அது வேண்டாம்ல?" என்றாள். நேர்மையான பதில். பிள்ளைகள் வேண்டாம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். நாம் பட்டதெல்லாம் அவர்கள் பட்டதாகாது.

விலை எப்படி வைப்பது?

முதலில் விலையிலிருந்து பாசத்தைப் பிரித்துவிடுங்கள். அதற்கு வாங்குகிறவர் பணம் தர மாட்டார். பழைய புல்லட்டுக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம், அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் 2010 வாக்கில் நின்றுவிட்டது. 1955-ல் ராயல் என்ஃபீல்டு கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து இங்கே தொடங்கி, திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய அதே வடிவத்தில் செய்த எஞ்சின் அது. டேங்க்கில் இருக்கும் தங்கக் கோடுகூடத் தூரிகையால் கையில் போட்டது. என் டேங்க்கில் அந்தக் கோடு அப்படியே இருந்தது, நான் பெயின்ட் அடிக்க விடவே இல்லை. அதனால் ஒரு வியாபாரி 85,000 வரை கேட்டார். நான் 72,000-க்கு வேறு ஒருவருக்குக் கொடுத்தேன். ஏன் என்று அடுத்த பதிலில்.

கொடுப்பதற்கு முன் பெரிய செலவு செய்யாதீர்கள். பெயின்ட், புது சீட்டு, பளபளப்பு எல்லாம் வாங்குகிறவருக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். பிரேக், டயர், விளக்கு, கேபிள், இவை சரியாக இருக்கட்டும். எண்ணெய் எங்காவது கசிந்தால் கசிகிறது என்று நாமே சொல்லிவிடலாம்.

யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

மொத்தம் ஆறு பேர் வந்தார்கள். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இதில்தான் நான் அதிகம் யோசித்தேன்.

85,000 சொன்ன வியாபாரி வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, போனில் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். இன்னொரு பையன் நல்ல பையன்தான், ஆனால் பின் மட்கார்டை வெட்டி, கைப்பிடியை உயர்த்தி, சத்தத்துக்கு வேறு சைலன்சர் போடப் போவதாக ஆசையோடு சொன்னான். அவன் வண்டி, அவன் ஆசை, அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு இந்த வண்டி வேண்டாம் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். ஒருவர் பண்ணை வீட்டு வரவேற்பறையில் காட்சிக்கு வைக்கக் கேட்டார். அதற்கும் மனசு ஒப்பவில்லை.

ஆறாவதாக வந்தவர் விளாங்குடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி, முப்பது வயதுக்குள். வந்தவுடன் விலை கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு நேராகப் போய் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க சார், சூடு பண்ணி வச்சிருக்கீங்களான்னு பாத்தேன்" என்றார். சூடான வண்டி எப்படியும் எடுத்துவிடும், கோளாறு தெரியாது, பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். எனக்கு அந்த இடத்திலேயே பாதி முடிவாகிவிட்டது. அப்புறம் குந்தி உட்கார்ந்து செயினை ஸ்ப்ராக்கெட்டிலிருந்து பின்பக்கமாக இழுத்துப் பார்த்தார், முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்தார், எண்ணெய் டிப்ஸ்டிக்கை எடுத்துக் கட்டைவிரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்க்கிறார். லேத்தில் நிற்கிறவர் கண், சொல்லவா வேண்டும்.

வேலைக்குத் தினமும் இதில்தான் போவேன் என்றார். அதுதான் எனக்கு வேண்டிய பதில். 72,000 அவரால் முடிந்த பணம். அவர் பத்து ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை, நான்தான் குறைத்தேன்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டால் தரலாமா?

பணமோ அவர் வந்த வண்டியின் சாவியோ கையில் இல்லாமல் தராதீர்கள், அல்லது பின்னால் நீங்கள் உட்காருங்கள். நான் பின்னால் உட்கார்ந்தேன். லைசென்சையும் கேட்டுப் பார்த்தேன், இதற்குக் கூச்சப்படக் கூடாது.

பழைய புல்லட் என்றால் இன்னொரு விஷயம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டிக்கு நேர் எதிர். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. புது வண்டி ஓட்டிப் பழகியவர் பதறும்போது வலது காலை அமுக்குவார், பிரேக் பிடிப்பதற்குப் பதிலாகக் கியர் மாறும், வண்டி நிற்காது. அந்தத் தம்பியைச் சமணர் மலை அடிவாரத்தில் கீழக்குயில்குடிச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓட்ட வைத்தேன். நான் "நிறுத்து" என்று திடீரென்று கத்துவேன், அவர் இடது காலை அமுக்க வேண்டும். முதல் ஏழெட்டு முறை தப்பாகச் செய்தார். தாமரைக் குளத்துக்கும் ஊருக்கும் நடுவே முப்பது தடவையாவது போய் வந்திருப்போம். குதிகாலால் நியூட்ரல் லீவரைத் தட்டி எந்தக் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வருவதைக் காட்டியபோது (முதல் கியரிலிருந்து மட்டும் வராது) அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

காகித வேலைகள் என்னென்ன? பெயர் மாற்றாமல் கொடுத்தால் என்ன ஆகும்?

தயவுசெய்து இந்தப் பதிலை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள்.

புல்லட்டுக்கு முன் என்னிடம் ஒரு டி.வி.எஸ். 50 இருந்தது. மதுரைக்காரர்களுக்கு அந்தப் பெயர் சொந்த ஊர்ப் பெயர், முதல் வண்டி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதை ஒரு தரகரிடம் கொடுத்தேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நேம் டிரான்ஸ்ஃபர் நாங்க பாத்துக்குறோம் சார்" என்றார். மூன்று வருஷம் கழித்துத் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு காவல் நிலையம் கூப்பிட்டது. வண்டி ஒரு விபத்தில் சிக்கியிருக்கிறது, ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை, ஆர்.சி. புக்கில் என் பெயர். நல்லவேளை யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இருந்தாலும் எட்டு மாதம் அலைந்தேன். வண்டி வித்ததற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி நாலு கை மாறிப் போயிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில் வரும். அதனால் வித்துவிட்டேன் என்று வாயால் சொல்வதில் பயனில்லை.

செய்ய வேண்டியது இது. படிவம் 29, வண்டியைக் கொடுக்கிறவர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிப்பது. படிவம் 30, பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம், இருவரும் கையெழுத்து. ஒரே மாநிலத்துக்குள் என்றால் வித்த 14 நாளுக்குள் நாம் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். வெளி மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28, தடையில்லாச் சான்று. இன்சூரன்சையும் வாங்கியவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பெரும்பகுதி இப்போது பரிவாகன் என்கிற அரசு இணையதளத்தில்தான் நடக்கிறது, ஓ.டி.பி. பதிவில் இருக்கும் போன் நம்பருக்குத்தான் வரும். என் பதிவில் பழைய நம்பர் இருந்தது, முதலில் அதை மாற்றுவதற்கே ஒரு வாரம் போனது. நிலுவை அபராதம் ஏதாவது இருக்கிறதா என்றும் முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் கடன். 1997-ல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் வண்டி எடுத்தேன். 2000-லேயே கட்டி முடித்தேன், ஆனால் ஆர்.சி. புக்கில் இருந்த அடமானக் குறிப்பை எடுக்கவே இல்லை. அது 24 வருஷம் அப்படியே இருந்தது. அதை எடுக்கப் படிவம் 35-ம் சங்கத்தின் கடிதமும் வேண்டும். கடனைக் கட்டிய ரசீதை என் மனைவி பழைய ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார், அதனால் தப்பித்தேன். நீங்கள் கடன் முடிந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுக்கும்போது அந்தத் தம்பி டேங்க் கீழே குனிந்தார், நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு எண்ணாக வெள்ளையில் எழும்பி வந்தது. 27 வருஷத்தில் அந்த எண்ணை நான் அதுவரை உற்றுப் பார்த்ததே இல்லை.

வண்டியை ஒப்படைக்கும்போது தேதி, மணி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சி வைத்து ஒரு ஒப்படைப்புக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். மணி முக்கியம். பத்தரைக்குக் கொடுத்த வண்டி பன்னிரண்டுக்கு எங்காவது மோதினால் அந்த மணிதான் பேசும். புது ஆர்.சி. வந்ததும் அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கினேன், அந்தத் தம்பியே கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பாவின் வண்டி வீட்டில் நிற்கிறது, அப்பா இப்போது இல்லை. என்ன செய்வது?

முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் சேர்த்து. இறந்த 30 நாளுக்குள் தெரிவித்துவிட்டு மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நாள் கடந்துவிட்டது என்று பயந்து விட்டுவிடாதீர்கள், போய்க் கேளுங்கள். உயிரோடு இருக்கும்போதே ஆர்.சி.யில் நாமினி சேர்க்கும் வசதி 2021-லிருந்து இருக்கிறது. வயதான அப்பா ஓட்டுகிற வீட்டில் இதைச் செய்துவைப்பது நல்லது. சொல்வதற்குச் சங்கடமான விஷயம்தான், ஆனால் அவரே இருந்து கையெழுத்துப் போட்டால் பின்னால் அம்மாவுக்கு அலைச்சல் இல்லை.

15 வருஷம் தாண்டிய வண்டியை எடைக்குத்தான் போட வேண்டும் என்கிறார்களே?

அது டில்லிப் பக்கத்துச் செய்தியைக் கேட்டு வந்த பயம். இங்கே சொந்த உபயோக வண்டியை 15 வருஷம் முடிந்ததும் படிவம் 25 கொடுத்துப் பரிசோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். நான் 2012, 2017, 2022 என்று மூன்று முறை செய்தேன். பழைய வண்டிக்குக் கட்டணம் கூடுதல், அவ்வளவுதான்.

உண்மையிலேயே வண்டி முடிந்துவிட்டது என்றால் தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் முழுசாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். நம் நம்பரும் சேசிஸும் வேறு வண்டியில் உயிரோடு திரியலாம். பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் 2021 விதிகளின்படி இருக்கின்றன, அங்கே கொடுத்தால் வைப்புச் சான்று தருவார்கள், பதிவையும் ரத்து செய்துகொள்ளலாம்.

வண்டியிலிருந்து ஏதாவது எடுத்து வைத்துக்கொண்டீர்களா?

கேன் கட்டிய அந்த சைக்கிள் டியூப். வேறு எதுவும் எடுக்கவில்லை. ஸ்பேனர்கள், பழைய பாயின்ட் செட்டு, உபரி கிளட்ச் கேபிள், எந்தத் தேதியில் என்ன எண்ணெய் மாற்றினேன் என்று எழுதிய இரண்டு நோட்டு எல்லாம் அந்தத் தம்பிக்கே கொடுத்துவிட்டேன். கருவி இல்லாமல் பழைய வண்டியைக் கொடுப்பது, பால் கறக்கிற மாட்டைக் கயிறு இல்லாமல் கொடுப்பது மாதிரி.

கடைசியாக எங்கே ஓட்டினீர்கள்?

கொடுப்பதற்கு முந்தின நாள் விடிகாலை ஐந்து மணிக்கு. பக்கத்து வீட்டுத் தம்பி மிதித்துக் கொடுத்தான். நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து தேனி ரோட்டில் செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி வரைக்கும். எங்கேயும் அணைக்கவில்லை, அணைத்தால் திரும்ப மிதிக்க ஆள் வேண்டும். உசிலம்பட்டியில் டீ வாங்கி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சீட்டில் உட்கார்ந்து குடித்தேன். கடைக்காரர், "என்ன சார், அவசரமா? எங்க மாடு?" என்றார். நான் ஓய்வு பெற்றது அவருக்குத் தெரியாது. பக்கத்தில்தான் என்று சொன்னேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது வெயில் எதிரே வந்தது. டேங்க் மேல் இடது முழங்கால் உரசுகிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரியும், அங்கே ஒரு வெளிச்சம் விழுந்துகொண்டே வந்தது. நாகமலை வந்ததும் இரண்டு தெரு சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் விட்டேன். சாவியைத் திருப்பியபின் ஹெட்டில் டிக் டிக் என்று இரும்பு ஆறுகிற சத்தம் பத்து நிமிஷம் கேட்டது. அது நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

பூஜை ஏதாவது செய்து அனுப்பினீர்களா?

கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து என் மனைவிதான் சூடம் காட்டினார். வாங்கும்போது பாண்டி கோயிலில் செய்தோம், கொடுக்கும்போது வீட்டு வாசலில். சாவியை நேராகக் கையில் தராமல் தாம்பாளத்தில் வெற்றிலையோடு வைத்துக் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக் கொடுப்பது போலவா என்று என் மைத்துனர் கேட்டார். இருக்கட்டும் மாமா, அதிலென்ன என்றேன்.

இப்போது என்ன ஓட்டுகிறீர்கள்?

பட்டன் ஸ்டார்ட் ஸ்கூட்டர். நன்றாக இருக்கிறது, முழங்கால் வலி குறைந்திருக்கிறது. முதல் மாதம் முழுக்க வலது கால் கியரைத் தேடிக்கொண்டே இருந்தது.

கொடுத்த பிறகு போய்ப் பார்த்தீர்களா?

நானாகப் போகவில்லை. கொடுத்த வீட்டுக்கு அடிக்கடி போனால் அவர் வண்டி அவருடையதாக ஆகாது. "எப்ப வேணும்னாலும் வாங்க சார்" என்றுதான் சொல்லியிருந்தார், நான்தான் கட்டுப்படுத்திக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன், ஒரு இரண்டு மாதமாவது விடுங்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவரே வந்தார். வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், ரோட்டுத் திருப்பத்திலேயே சத்தம் தெரிந்துவிட்டது. கண்ணாடி மட்டும் புதிதாக மாற்றியிருந்தார், ஹேண்டில்பாரில் மாலை வாடாமல் இருந்தது. "சார், ரெண்டு நாளா மேல லேசா டொக் டொக்னு கேக்குது, நோட்டுல பாத்தேன், நீங்க கடைசியா பங்குனியில டேப்பெட் பாத்துருக்கீங்க" என்றார். எஞ்சின் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்றேன். என் மனைவி சாப்பிட வைத்தார்.

ஆறியதும் எனக்கு ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு அவர் கீழே உட்கார்ந்து டேப்பெட் மூடியைக் கழற்றினார். என் ஸ்பேனர்தான், துணியில் சுற்றி வைத்திருந்தார். உள்ளே வால்வைத் தள்ளுகிற ராடு விரலுக்குத் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது, அதுதான் அளவு. அவர் லாக் நட்டைக் கால் சுற்று தளர்த்தி, ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, இறுக்கி, மறுபடி உருட்டினார். "சரியா சார்?" என்றார். நான் குனிந்து என் விரலையும் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். இன்னும் ஒரு நூல் இறுக்கணும் தம்பி என்றேன்.